பிரிவினைவாதம்: கோரிக்கைக்கு எதிராளி சூட்டிய பெயர்

குரோய்டன் நகரின் வெலெஸ்லி வீதியில் உயர்ந்து நிற்கும் லூனார் ஹவுஸ் என்னும் அலுவலகக் கட்டடத்தை அறியாத ஈழத்தமிழர் தென் இலண்டனில் அரிது. பிரித்தானிய உள்துறை அமைச்சின் குடிவரவுப் பணிகள் பல பத்தாண்டுகளாக நடைபெற்றுவரும் இடம் அது. தஞ்சம் கோரி வந்த தமிழர் மிகப் பலரின் கோப்புகள் ஏதோவொரு கட்டத்தில் அக்கட்டடத்தின் மேசைகளைக் கடந்தே சென்றிருக்கின்றன. அக்கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் உண்டு. தமிழில் அதனைப் 'பிரிவினைவாதம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

கொழும்பில் இச்சொல் ஒரு குற்றச்சாட்டு. அது ஒட்டப்பட்டவரின் பதவி, சொத்து, நடமாடும் உரிமை ஆகிய அனைத்தும் கேள்விக்குறியாகின்றன. குரோய்டனிலோ நிலைமை தலைகீழானது. தம்மை இலங்கை அரசு பிரிவினைவாதியாகவே பார்க்கிறது என்பதைத் தஞ்சம் கோருபவர் நிறுவ வேண்டியிருக்கிறது. நிறுவ இயலாதவர் திருப்பி அனுப்பப்படும் ஆபத்தை எதிர்நோக்குகிறார். ஒரு மனிதனின் உயிரும் வாழ்வும் ஒரு சொல்லின் மீது இவ்வாறு தொங்கும்போது, அச்சொல்லின் பொருள் என்ன, அதனை யார் உருவாக்கினார்கள், யார் யாருக்கு எதிராக அது பயன்படுகிறது என்று ஆராய்வது வெறும் அகராதி வேலை ஆகாது.

சொல்லின் உடற்கூறு

'பிரிவினை' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று, இழிவானதும் அன்று. தந்தை விட்டுச் சென்ற காணியையும் வீட்டையும் உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொள்வதைப் பாகப்பிரிவினை என்றே தமிழர் அழைத்து வந்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்தின் நீதிமன்றங்களில் காணிப் பிரிவினை வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. தன் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தவரை எந்த நீதிபதியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில்லை. பங்கு கேட்பது உரிமை. பங்கைத் தர மறுப்பவரே விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர். ஊர் வழக்கும் அதுதான், சட்டமும் அதுதான்.

இந்தச் சொல்லின் பின்னால் 'வாதம்' என்னும் ஒட்டு சேர்ந்தவுடன் அதன் நிறம் மாறிவிடுகிறது. இனவாதம், மதவாதம், பயங்கரவாதம் என்னும் வரிசையில் அது போய் அமர்கிறது. கேட்பவரின் காதில் ஒரு கோரிக்கை விழுவதில்லை, ஒரு நோயின் பெயர் விழுகிறது. சிங்களத்தில் 'பெதும்வாதய' என்று வழங்கும் சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்திலுள்ள இணைச் சொல்லையும் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொள்வது அரிது. அவர்களை எதிர்ப்பவர்களே அதனை விரும்பி எடுத்தாளுகின்றனர்.

இச்சொல்லின் இலக்கணமே ஒருதலைப்பட்சமானது. பிரிய விரும்புபவருக்கு அது பெயர் வைக்கிறது. பிரியும்படி செய்தவருக்கு எப்பெயரையும் வைப்பதில்லை. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் ஒரு மக்கள் கூட்டத்தை நாட்டிலிருந்து பிரித்தது. 1956-இன் தனிச் சிங்களச் சட்டம் அரச அலுவலகத்தின் வாசலில் ஒரு மொழியினரைப் பிரித்து நிறுத்தியது. 1970-களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலில் மாணவர்களைப் பிரித்தது. இவற்றைச் செய்தவர்களைப் பிரிவினைவாதிகள் என்று எந்த அரச அறிக்கையும் அழைத்ததில்லை.

கோரிக்கைக்கு முன்பே பிறந்த குற்றச்சாட்டு

தமிழர் தனிநாடு கேட்டதால்தான் அவர்கள் மீது பிரிவினைவாத முத்திரை விழுந்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. வரலாற்றின் ஆண்டு வரிசை இந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது.

இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தமானது என்று முதன்முதலில் வலியுறுத்தியவர்களுள் ஒருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆவார். ஒக்ஸ்போர்டில் கற்றுத் திரும்பிய அவர் 1926-இல் கட்டுரைகள் வாயிலாகவும் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரை வாயிலாகவும் அக்கருத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டில் டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டித் தேசிய சபை, கண்டிச் சிங்களவருக்குத் தனி அலகு ஒன்றை உள்ளடக்கிய சமஷ்டி அமைப்பைக் கோரியது. அன்று அதற்குப் பிரிவினைவாதம் என்று எவரும் பெயர் வைக்கவில்லை. அது ஓர் அரசியலமைப்புக் கருத்து என்ற அளவில் மதிக்கப்பட்டது.

1949 டிசம்பரில் தந்தை செல்வாவும் தோழர்களும் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கி அதே சமஷ்டியைக் கேட்டனர். கேட்டவர் மாறியதும் கோரிக்கையின் பெயரும் மாறிவிட்டது. கட்சியின் ஆங்கிலப் பெயர் சமஷ்டிக் கட்சி என்று பொருள்படுவதாக இருந்தும், தமிழ்ப் பெயரிலுள்ள 'அரசு' என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, இது தனியரசு கேட்கும் கட்சி என்று தென்னிலங்கையில் பரப்புரை செய்யப்பட்டது. ஒரு சமஷ்டியின் உறுப்பும் ஓர் அரசுதான் என்னும் எளிய உண்மை எவர் காதிலும் ஏறவில்லை.

1957 ஜூலையில் கையெழுத்தான பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் சமஷ்டியைக்கூடத் தரவில்லை. பிரதேச சபைகளை மட்டுமே அது உறுதியளித்தது. அதற்கே நாடு பிளவுபடப் போகிறது என்ற கூக்குரல் எழுந்தது. ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகளின் எதிர்ப்பின் முன் பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1926-இல் சமஷ்டி பேசிய அதே மனிதர், அதனினும் மிகக் குறைந்த ஒன்றைக்கூடத் தமிழருக்குக் கொடுக்க இயலாதவரானார்.

1970-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி வெளியிட்ட விஞ்ஞாபனம், நாட்டைத் துண்டாடுவது எவருக்கும் நன்மை தராது என்றும், பிரிவினை கோரும் இயக்கங்களுக்கு ஆதரவளிக்க வேண்டாம் என்றும் தமிழ் பேசும் மக்களை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கித் தனிவழி பேசிய வி. நவரத்தினம் ஊர்காவற்றுறையில் தோற்கடிக்கப்பட்டார். அன்று தமிழ் வாக்காளர் பிரிவினையை வாக்குச் சீட்டால் நிராகரித்தனர். அதற்குக் கிடைத்த பரிசு 1972-ஆம் ஆண்டின் ஒற்றையாட்சி அரசியலமைப்பு. தமிழரசுக் கட்சி அரசியலமைப்புப் பேரவையில் முன்வைத்த திருத்தங்கள் புறந்தள்ளப்பட்டன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது.

தனிநாட்டுக் கோரிக்கை வட்டுக்கோட்டைத் தீர்மானமாக உருப்பெற்றது 1976 மே 14 அன்று. குற்றச்சாட்டோ 1957-க்கும் முந்தையது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கோரிக்கை இல்லாமலேயே முத்திரை இருந்தது. எனவே முத்திரை கோரிக்கையின் விளைவு என்று சொல்வதற்கு இடமில்லை. எதைக் கேட்டாலும் இதே பெயர்தான் என்னும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு மக்கள், கேட்பதை முழுமையாகவே கேட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்ததில் வியப்பென்ன இருக்கிறது?

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

1983 கறுப்பு ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் கொல்லப்பட்டு, வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டு இரு வாரங்கள் கழியும் முன்பே, ஆகஸ்ட் 8 அன்று, அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் சட்டமானது. எரித்தவர்களைத் தண்டிக்கச் சட்டம் வரவில்லை. எரிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்கச் சட்டம் வந்தது.

இத்திருத்தம் சேர்த்த 157அ என்னும் உறுப்புரை, இலங்கையின் ஆள்புலத்துக்குள் தனியரசு ஒன்றை நிறுவுவதை நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரும் ஆதரிக்கவோ, ஊக்குவிக்கவோ, நிதியளிக்கவோ, பரிந்துரைக்கவோ கூடாது என்று விதிக்கிறது. இலங்கைக்கு உள்ளே மட்டுமன்று, வெளியே இருந்து செய்தாலும் குற்றமே. அதாவது குரோய்டனில் உள்ள ஒரு மண்டபத்தில் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்லும் ஒருவரின் நாவு வரை இச்சட்டத்தின் கை நீள்கிறது. தண்டனையாகக் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகள் வரை பறிக்கப்படலாம். வாழ்க்கைக்கு இன்றியமையாதவை நீங்கலாகச் சொத்துகள் பறிமுதலாகலாம். நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரச ஊழியர்களும் இதற்கென எழுதப்பட்ட சத்தியத்தை எடுக்க வேண்டும். அதனை எடுக்க மறுத்ததால், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் ஏனைய உறுப்பினர்களும் 1977-இல் மக்கள் வாக்களித்துத் தந்த இருக்கைகளை இழந்தனர்.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இத்தனை கடுமையான அந்த உறுப்புரை 'தனியரசு' என்பதைப் பற்றிப் பேசுகிறதே அன்றி, 'பிரிவினைவாதம்' என்னும் சொல்லை ஆளவில்லை. சட்டம் ஒரு குறிப்பிட்ட நோக்கத்தைத் தடைசெய்கிறது. மேடைகளும் செய்தித்தாள்களும் அதிகாரிகளும் அந்தத் தடையை, எல்லையில்லாத இந்த மற்றொரு சொல்லால் அகலப்படுத்திவிட்டனர். வரையறுக்கப்படாத சொல்லுக்கு எல்லை இராது. எல்லை இல்லாததால்தான் அது அதிகாரத்துக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது.

இந்த அகலப்படுத்தல் செல்லாது என்று இலங்கையின் உச்ச நீதிமன்றமே ஒருமுறை கூற நேர்ந்தது. 2014-இல் சந்திரசோம என்பவர், தமிழரசுக் கட்சி தனியரசு நிறுவும் நோக்கம் கொண்டது என்று அறிவிக்குமாறு கோரி, அப்போதைய கட்சிச் செயலாளர் மாவை சேனாதிராசாவை எதிர்மனுதாரராகக் கொண்டு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் மையமே ஒரு தமிழ்ச் சொல்தான். கட்சியின் யாப்பில் 'சமஷ்டி' என்றிருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்னும் சொல் புகுத்தப்பட்டது என்றும், அது தனித்தனி அரசுகளின் கூட்டிணைப்பைக் குறிக்கும் என்றும், ஆகவே உள்நோக்கம் பிரிவினையே என்றும் மனுதாரர் வாதிட்டார். இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்குபவை என்று கட்சி விடையளித்தது.

2017 ஆகஸ்ட் 4 அன்று பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. இருக்கின்ற நாட்டுக்குள் சமஷ்டி ஆட்சி கோருவதைத் தனியரசு கோருவதாகக் கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு மக்களுக்கு உள்ள தன்னாட்சி உரிமை நாட்டுக்குள்ளேயே செயற்படக் கூடும் என்பதை, கனடிய உச்ச நீதிமன்றத்தின் கியூபெக் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி அது ஏற்றுக்கொண்டது. தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டு 68 ஆண்டுகள் ஆகவிருந்த வேளையில்தான், அதன் அடிப்படைக் கோரிக்கை குற்றமன்று என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சொன்னது.

ஆனால் தீர்ப்பு வந்ததால் மேடைப்பேச்சு மாறியதா? அடுத்த மாதமே, 2017 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தற் குழு தன் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. நாட்டைச் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் குறிப்பிடலாம் என்றது அந்த அறிக்கை. உடனே, சிங்களச் சொல்லின் பின்னால் சமஷ்டி ஒளிந்திருக்கிறது என்று தெற்கிலும், தமிழ்ச் சொல்லின் பின்னால் ஒற்றையாட்சி ஒளிந்திருக்கிறது என்று வடக்கிலும் சினம் எழுந்தது. அந்த அரசியலமைப்பு முயற்சியும் நிறைவேறாமல் போயிற்று.

குரோய்டனில் அச்சொல்லின் மறுபிறவி

பிரித்தானியாவில் தஞ்ச வழக்குகளை வழிநடத்தும் தீர்ப்புகளில் இச்சொல் தனியொரு வரலாறு கொண்டுள்ளது. 2013-இல் மேல் தீர்ப்பாயம் வழங்கிய வழிகாட்டுத் தீர்ப்பு, போருக்குப் பிந்தைய தமிழ்ப் பிரிவினைவாதத்தில் குறிப்பிடத்தக்க பங்கு வகிப்பவராகக் கருதப்படுவோர் திருப்பி அனுப்பப்பட்டால் ஆபத்தை எதிர்கொள்வர் என்று கூறியது. 2021 மே மாதம் வெளியான அடுத்த வழிகாட்டுத் தீர்ப்பு மேலும் தெளிவாகப் பேசியது. இலங்கை அரசு அதிகாரவாதத் தன்மை கொண்டது; தமிழீழத்தை நோக்கிய பிரிவினை இயக்கம் மீண்டும் தலைதூக்காமல் தடுப்பதே அதன் முதன்மைக் கவலை; ஆயுத வழிக்கும் அமைதி வழி அரசியல் பரப்புரைக்கும் இடையே அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காண்பதில்லை; நோக்கமே அதன் கண்ணுக்குத் தெரிகிறது என்று தீர்ப்பாயம் கண்டறிந்தது. பிரித்தானியாவில் நடக்கும் ஆர்ப்பாட்டங்கள் படம் பிடிக்கப்படுவதையும், அமைப்புகளுக்குள் உளவு ஊடுருவுவதையும் அதே தீர்ப்பு பதிவு செய்தது.

அகிம்சை வழியில் ஒரு கருத்தைச் சொல்பவருக்கும் துப்பாக்கி ஏந்தியவருக்கும் ஒரே பெயரிடும் ஓர் அரசு என்று, எந்தத் தமிழ் அமைப்பின் துண்டறிக்கையும் அல்லாமல், ஒரு பிரித்தானிய நீதி மன்றம் சான்றுகளை எடைபோட்டு எழுதியிருக்கிறது. பிரிவினைவாதம் என்னும் சொல்லின் நடைமுறைப் பொருள் குறித்து இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஆயினும் இத்தீர்ப்புகளில் ஒரு கசப்பும் உண்டு. தஞ்சம் வேண்டி நிற்பவரின் வழக்கு, அவர் என்ன கருதுகிறார் என்பதைவிட, கொழும்பு அவரை என்னவாகக் கருதும் என்பதன் மீது பெரிதும் நிற்கிறது. ஆகவே ஒடுக்குபவரின் சொல்லகராதியே குரோய்டனின் அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது. தன் அரசியல் நம்பிக்கையை மறைத்து வாழ்ந்தால் தப்பலாம் என்று ஒருவரிடம் சொல்லக் கூடாது என்பதைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2010-இலும் 2012-இலும் வேறு நாட்டினரின் வழக்குகளில் உறுதிப்படுத்தியது. 2021-இன் தீர்ப்பு அக்கோட்பாட்டை உண்மையாகவே தனியரசில் நம்பிக்கை கொண்ட தமிழருக்கும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறது. அந்த உண்மையான நம்பிக்கை என்னவென்று விசாரணை அறையில் சரியாகச் சொல்லப்படாவிட்டால் அப்பாதுகாப்பு கைநழுவிப் போகும்.

இங்கேதான் மொழிபெயர்ப்பு உயிர்ப் பிரச்சினையாகிறது. தனிநாடு, தன்னாட்சி, சுயாட்சி, சமஷ்டி, விடுதலை, உரிமை என்னும் ஆறு சொற்களும் தமிழில் ஆறு வெவ்வேறு பொருள் தருபவை. 'எங்கட உரிமைக்காகத்தான் போனனான்' என்று ஒருவர் சொல்வதும், 'தனிநாடு ஒன்றே தீர்வு' என்று மற்றொருவர் சொல்வதும் ஒரே ஆங்கிலச் சொல்லாக எழுதப்பட்டால், முதலாமவர் சொல்லாததைச் சொன்னவராகிறார். இரண்டாமவர் சொன்னதன் ஆழம் காணாமல் போகிறது. பின்னர் வேறொரு நேர்காணலில் அவர் தன் சொல்லில் திருத்தமாகப் பேசும்போது, முன்னுக்குப் பின் முரண் என்று அது அவருக்கு எதிராகவே திரும்பக் கூடும்.

பிரித்தானியாவும் கனடாவும் தமக்கு வைத்துக்கொண்ட பெயர்

பிரித்தானிய அரசு தன் சொந்த வீட்டில் இதே கேள்வியை எவ்வாறு அணுகியது என்பதையும் பார்க்க வேண்டும். 2012 அக்டோபரில் பிரதமர் டேவிட் கமரூனும் ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 2014 செப்டெம்பர் 18 அன்று ஸ்கொட்லாந்து மக்கள் வாக்களித்தனர். சுதந்திரத்துக்கு எதிராக 55.3 விழுக்காடும் ஆதரவாக 44.7 விழுக்காடும் வாக்குகள் விழுந்தன. வாக்குச் சீட்டில் இருந்த சொல் 'சுதந்திர நாடு' என்பதே. பிரிவினை என்று பேசியவர்கள் எதிர்த்தரப்பு அரசியல்வாதிகள். அவர்கள்கூட அதனைப் பழிச்சொல்லாகவே பயன்படுத்தினர், குற்றப்பத்திரிகையாக அன்று.

அவ்வாக்கெடுப்பில் ஸ்கொட்லாந்தில் சட்டபூர்வமாக வாழ்ந்த பொதுநலவாய நாட்டுக் குடிமக்களுக்கும் வாக்குரிமை இருந்தது. இலங்கை அவ்வமைப்பின் உறுப்பு நாடு. எனவே இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருந்த ஒரு தமிழர் கிளாஸ்கோவில் பதிவு செய்து, பிரித்தானியா பிரிய வேண்டுமா என்பதற்குச் சட்டப்படி விடை அளிக்க முடிந்தது. அதே தமிழர் அதே கிளாஸ்கோவில் நின்று தன் தாயகம் குறித்து அதே விடையைச் சொன்னால், அவருடைய சொந்த நாட்டின் அரசியலமைப்பு அவரைக் குற்றவாளி என்கிறது.

இலண்டனும் தன் அதிகாரத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பது உண்மையே. வெஸ்ட்மின்ஸ்டரின் இசைவின்றி ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் ஒரு வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பின் மறுநாள் சுதந்திரம் பேசிய எவரும் பதவி இழக்கவில்லை. எவரது வீடும் பறிமுதலாகவில்லை.

கனடாவில் கியூபெக்கின் தனிவழியை ஆதரிப்போர் தம்மை இறைமைவாதிகள் என்று அழைத்துக்கொள்ள, எதிர்ப்போர் அவர்களைப் பிரிவினைவாதிகள் என்கின்றனர். 1993-இல் புளொக் கியூபெக்குவா கட்சி கனடிய நாடாளுமன்றத்தில் அதிகாரபூர்வ எதிர்க்கட்சியானது. 1977-இல் தமிழர் விடுதலைக் கூட்டணி இலங்கையில் பெற்ற அதே இடம். கியூபெக்கின் கட்சி தன் இருக்கையில் அமர்ந்து விவாதித்தது. 1995-இன் வாக்கெடுப்பில் 49.42 விழுக்காட்டைப் பெற்று மயிரிழையில் அக்கோரிக்கை தோற்றது. 1998-இல் கனடிய உச்ச நீதிமன்றம், ஒருதலையாகப் பிரியும் உரிமை இல்லை என்றாலும், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை விடையளித்தால் பேச்சுவார்த்தை நடத்தும் கடமை ஏனையோருக்கு உண்டு என்றது. கனடா அதனால் உடைந்துவிடவில்லை. பேச விட்ட நாடு நிலைத்தது. பேச்சைத் தடைசெய்த இலங்கை கால் நூற்றாண்டுப் போரைக் கண்டது.

தமிழ்நாட்டின் பட்டறிவும் இதையே சுட்டுகிறது. 1963-இல் இந்திய அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்தபோது அறிஞர் அண்ணாவின் தலைமையில் தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அதன் பின்னர் 1969-இல் மாநில சுயாட்சிக்காக இராஜமன்னார் குழு அமைக்கப்பட்டபோதும் பழைய முத்திரையின் நிழல் நீங்கவில்லை. கோரிக்கையைக் கைவிட்டவர்களையும் பெயர் விடாமல் துரத்தியது.

தமிழர் தமக்குள் திருத்திக்கொள்ள வேண்டியவை

பிறரது சொல்லாட்சியைக் குறை கூறுவதோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. தமிழரது சொல்வழக்கிலும் களைகள் உண்டு.

முதலாவது, அரச ஊடக அறிக்கைகளை மொழிபெயர்க்கும் தமிழ்ச் செய்தியாளர்கள் 'பிரிவினைவாதிகள்' என்பதைச் செய்தியின் சொந்தச் சொல்லாகவே எழுதிவிடுகின்றனர். இன்னார் இவ்வாறு குற்றஞ்சாட்டினார் என்று எழுதுவதற்கும், இவர்கள் இத்தகையோர் என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது, எதிராளி வைத்த பெயருக்கு நிகராகத் தமிழ்ச் சமூகமும் ஒரு பெயரை வளர்த்து வைத்திருக்கிறது. சமஷ்டி போதும் என்பவர் 'துரோகி' ஆகிறார். கொழும்புக்குச் சமஷ்டிக்காரர் பிரிவினைவாதி. புலம்பெயர் மேடைக்கு அவரே விலைபோனவர். இரு முத்திரைகளும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. கருத்தோடு மோதாமல் கருத்தாளரை ஒழிக்கின்றன. துரோகி என்று பெயரிடப்பட்டு உயிரிழந்த தமிழர்களின் பட்டியல் நீளமானது.

மூன்றாவது, பிரிவினை என்னும் சொல் அதன் கொடிய பொருளிலேயே பொருந்தும் நிகழ்வு ஒன்று தமிழர் தரப்பிலும் உண்டு. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மக்களை மக்களிடமிருந்து பிரித்த செயல் அது. பிரிக்கப்படுவதன் வலியை உலகுக்குச் சொல்ல முற்படும் எவரும் அதனை மறைத்துவிட்டுப் பேசினால், அவருடைய சொல்லுக்கு எடை இராது.

தன்னாட்சி உரிமையை ஏற்பதும் தனிநாட்டை வற்புறுத்துவதும் ஒன்றல்ல என்பதை விளக்க, 1914-இல் லெனின் மணமுறிவு உரிமையை எடுத்துக்காட்டினார். மணமுறிவு உரிமையைச் சட்டமாக்குவோர் குடும்பங்களைக் கலைக்கச் சொல்வோர் அல்லர். பிரியும் உரிமை உள்ள வீட்டில்தான் சேர்ந்திருத்தல் என்பதற்கு மதிப்பு இருக்கிறது. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரையே எல்லா மக்களுக்கும் தன்னாட்சி உரிமை உண்டு என்று சொல்கிறது. இலங்கை 1980-இல் அதில் இணைந்துகொண்ட நாடு. மூன்றே ஆண்டுகளில் அதே நாடு ஆறாவது திருத்தத்தை இயற்றியது.

செய்ய வேண்டியவை

ஆறாவது திருத்தம் அமைதி வழிக் கருத்துரிமையைக் குற்றமாக்குகிறது என்பதைப் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தமிழ் வாக்காளர்கள் இடையறாது எடுத்துரைக்க வேண்டும். தனிநாட்டை ஆதரிப்பவர் மட்டும் இதைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. அக்கோரிக்கையை எதிர்ப்பவருக்கும் அதனை வாதத்தால் வெல்லும் வாய்ப்பு கிடைக்க வேண்டுமானால், எதிர்த்தரப்புப் பேச அனுமதிக்கப்பட வேண்டும். பிரித்தானியச் சட்டம் 2001 முதல் ஓர் இயக்கத்தைத் தடைசெய்திருக்கிறது. தனியரசு என்னும் கருத்தை அது தடைசெய்யவில்லை. இவ்விரண்டையும் குழப்புகின்ற எவருக்கும், அவர் அதிகாரியாயினும் செய்தியாளராயினும், இவ்வேறுபாட்டைப் பொறுமையோடு சுட்டிக்காட்ட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் தமிழர், பேசுபவர் சொன்ன சொல்லையே கொண்டு சேர்க்க வேண்டும். சமஷ்டியைச் சமஷ்டியாகவும், தனிநாட்டைத் தனிநாடாகவும், உரிமையை உரிமையாகவும் தருவதே அவர்தம் கடமை. தஞ்சம் கோருபவரும் தம் நம்பிக்கையைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூற வேண்டும். விசாரணை அறைக்காக ஒரு கொள்கையைக் கடன் வாங்கினால், அது அவரையும் காப்பாற்றாது, அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரையும் கெடுக்கும்.

தமிழ்ப் பாடசாலைகளிலும் இளையோர் கூட்டங்களிலும் 1926, 1949, 1957, 1970, 1976, 1983, 2017 ஆகிய ஆண்டுகளின் வரிசை கற்பிக்கப்பட வேண்டும். இங்கு பிறந்து வளரும் பிள்ளை ஒன்று, பள்ளித் தோழர் ஒருவரால் 'உங்கள் பெற்றோர் பிரிவினைவாதிகளா?' என்று கேட்கப்படும் வேளையில் வெட்கப்படவோ வெகுளவோ தேவையில்லை. தன் மக்கள் எதைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், ஒவ்வொரு முறையும் என்ன விடை கிடைத்தது என்று ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லத் தெரிந்தால் போதும். சமஷ்டியோ தனிநாடோ, தமிழர் தம் கோரிக்கைக்குரிய பெயரைத் தாமே சொல்லட்டும். அதனை ஏற்பதும் மறுப்பதும் அதன் பின்னர் நடக்க வேண்டிய விவாதம்.